எத்தனை நீள ஹயலூரோனிக் அமிலம்?

தண்டுவடக் காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் ஹயலூரோனிக் அமில ஜெல் வைப்பது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், முன்னுரையில் ஒரு வாக்கியம் விடாமல் கூடவே வரும். இது மூளையிலும் தண்டுவடத்திலும் இயல்பாகவே இருக்கும் பொருள், ஆகவே உடம்பு இதை ஏற்றுக்கொள்ளும், ஆகவே காயம்பட்ட இடத்தில் வைக்க ஏற்றது என்பதுதான் அது. அந்த இரண்டு 'ஆகவே'யும் எனக்கு நெடுநாளாக உறுத்தல். இயல்பாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ரத்தமும்தான் இயல்பாக இருக்கிறது. ரத்தக்குழாயை விட்டு மூளைத் திசுவுக்குள் அது கசிந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் பக்கவாதம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பொருள் உடம்பில் எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, எப்போது உடைகிறது என்று பார்க்காமல் 'இயற்கையானது' என்ற ஒரே சான்றிதழை வைத்து அதை மூளைக்குள் அனுப்ப முடியாது.

மருந்துக்கடையில் விற்கும் முகச் சீரமும், மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் போடும் ஊசியும், கண்புரை அறுவையில் கண்ணுக்குள் நிரப்பும் திரவமும், எலியின் தண்டுவடத்தில் வைத்துப் பார்க்கும் ஜெல்லும் ஒரே பெயரைத் தாங்கி வருகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று வாசகர் நினைப்பதில் தவறில்லை. ஆய்வாளர்களே அப்படி எழுதுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். ஒரு கட்டுரையின் செய்முறைப் பகுதியில் 'ஹயலூரோனிக் அமிலம் வாங்கப்பட்டது' என்று மட்டும் இருந்து, மூலக்கூறு எடை எழுதப்படவில்லை என்றால், அந்தக் கட்டுரையின் முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரிவதில்லை.

இதன் கட்டமைப்பு ரொம்ப எளிமையானது. குளுக்குரோனிக் அமிலம், என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற இரண்டு சர்க்கரைகள் மாறி மாறி வரும் நீண்ட இழை, அவ்வளவுதான். 1934ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இந்த இரட்டைச் சர்க்கரை ஒன்றின் எடை சுமார் 400 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), நீளம் சுமார் 1 நானோமீட்டர். அப்படியானால் 10 லட்சம் டால்டன் எடையுள்ள ஒரு இழையில் ஏறக்குறைய 2,500 இரட்டைகள் இருக்கும். முழுக்க நீட்டிப் பிடித்தால் 2.5 மைக்ரோமீட்டர் வரும். அதே இழை துண்டாகித் துண்டாகி நான்கே சர்க்கரை உள்ள 800 டால்டன் துணுக்கு வரைக்கும் போகலாம். வேதியியல் பெயர் கடைசி வரை மாறாது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் மொத்தம் சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் உடைந்து புதிதாக உருவாகிறது. இதனால் நம் உடம்பில் எந்த நேரத்திலும் எல்லா நீளங்களும் கலந்தே இருக்கின்றன. எந்தத் திசுவில் எந்த நீளம் மிகுதி என்பதைச் செல்கள் கவனித்துக்கொண்டே இருக்கின்றன.

மூளையில் இதற்கு உள்ள இடமும் தனி. தோலிலும் எலும்பிலும் செல்களுக்கு வெளியே தாங்கி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் நார். மூளைத் திசுவின் உட்பகுதியில், ரத்தக்குழாய்ச் சுவர்களையும் மேலுறையையும் தவிர்த்துப் பார்த்தால், கொலாஜன் நார் கிட்டத்தட்ட கிடையாது. மூளையின் கன அளவில் சுமார் 20 சதவீதம் செல்களுக்கு இடைப்பட்ட வெளி. அந்த வெளியில் ஹயலூரோனிக் அமில இழைகள் முதுகெலும்பு மாதிரி ஓட, அக்ரிகன், வெர்சிகன், நியூரோகன், பிரெவிகன் என்ற புரதங்கள் அவற்றில் தொற்றிக்கொண்டு, டெனாசின்-ஆர் அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. மூளை அவ்வளவு மென்மையாக இருப்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். அதன் விறைப்பு 1 கிலோபாஸ்கலைச் சுற்றியோ அதற்குக் கீழேயோதான். ஆகவே அங்கே வைக்க ஒரு பொருளைத் தேடுபவர் ஹயலூரோனிக் அமிலத்திடம் வந்து சேர்வது நியாயமான தேர்வு. அந்தத் தேர்வோடு எனக்குச் சண்டை இல்லை. தேர்வு முடிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விடுவதுதான் பிரச்சினை.

போர்ட்லேண்டிலிருந்து வந்த சங்கடம்

2005ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் போர்ட்லேண்டில் ஸ்டீவன் பேக், லாரி ஷெர்மன் குழுவினர் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் மூளையில், நரம்பு இழையைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை அழிந்த இடங்களில் ஹயலூரோனிக் அமிலம் குவிந்து கிடந்தது. அதே போன்ற நோயை உண்டாக்கிய எலிகளிலும் அப்படியே. அதைச் சுரந்தவை ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற, நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்கள். மையலின் உறையைத் திரும்பக் கட்ட வேண்டிய முன்னோடிச் செல்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. வந்தும் முதிர்ச்சி அடையாமல் பாதியில் நின்றிருந்தன. ஆய்வகத் தட்டில் அதே முன்னோடிச் செல்களுக்கு ஹயலூரோனிக் அமிலம் கொடுத்தபோது அவை முதிர்வது நின்றது, எடுத்துவிட்டதும் மீண்டும் முதிரத் தொடங்கின.

இந்த ஒரு கட்டுரையைப் படித்த பிறகு அந்த முன்னுரை வாக்கியத்தை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. ஒரு பக்கம் நரம்பு இழை வளர வேண்டும் என்று இதே பொருளைக் காயத்தில் நிரப்புகிறார்கள். இன்னொரு பக்கம் இதே பொருள் இருப்பதால்தான் உறை கட்டப்படாமல் நிற்கிறது என்கிறார்கள். நரம்பு இழை வளர்ந்தாலும் உறை இல்லாமல் அதில் சமிக்ஞை ஒழுங்காக ஓடாது. ஆக, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டிய காரியங்கள். அதற்குப் பின்னால் வந்த ஆய்வுகள் இந்தச் சங்கடத்தை அவிழ்க்க உதவின. 2010ல் இதே தடுப்பு டிஎல்ஆர்2 என்ற ஏற்பி வழியாக நடக்கிறது என்று காட்டினார்கள். 2013ல் ஷெர்மன் குழு இன்னும் ஒரு படி உள்ளே போனது. முன்னோடிச் செல்களே பிஎச்20 என்ற நொதியைச் சுரந்து நீண்ட இழையை வெட்டுகின்றன, அப்படி வெட்டிவரும் துண்டுகள்தான் முதிர்ச்சியைத் தடுக்கின்றன என்றது. 2018ல் வந்த ஒரு ஆய்வு அந்தத் தடுப்புத் துண்டின் அளவைச் சுமார் 200 கிலோடால்டன், அதாவது 2 லட்சம் டால்டன், என்று அடையாளம் காட்டியது. ஆக முழு இழை ஒரு செய்தி, நடுத்தரத் துண்டு வேறொரு செய்தி. எந்த ஜெல்லும் உடம்புக்குள் போனதும் உடையத்தான் போகிறது. உடைந்து உடைந்து அது எந்தெந்த அளவுகளைத் தாண்டிப் போகிறது, ஒவ்வொரு அளவிலும் எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நீண்ட இழை நல்லது என்பதற்கும் சான்று இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் ஷ்மிட் குழு 2011ல் எலித் தண்டுவடக் காயத்தில் உயர் மூலக்கூறு எடை கொண்ட ஹயலூரோனிக் அமில ஜெல்லை வைத்தபோது ஆஸ்ட்ரோசைட்டுகளின் கிளர்ச்சியும் தழும்பும் குறைந்தன. காயம்பட்டதும் அங்கே இருந்த நீண்ட இழைகள் உடைந்துபோகின்றன, அந்த உடைவே ஆஸ்ட்ரோசைட்டுகளைப் பெருகத் தூண்டுகிறது என்று ஷெர்மன் குழு முன்பே சொல்லியிருந்ததோடு இது ஒத்துப்போகிறது. உடைந்ததை முழுசாகத் திரும்ப வைத்தால் செல்கள் அமைதியாகின்றன. காயத்துக்குப் பிறகு வெகு நாள் கழித்துக் குவிகிற ஹயலூரோனிக் அமிலம் வேறு கதை. முதல் வாரத்தில் வைக்கும் ஜெல்லையும் மூன்றாம் மாதத்தில் வைக்கும் ஜெல்லையும் ஒரே சிகிச்சை என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு திசையையும் சொல்ல வேண்டும். 4-மெத்தில் அம்பெல்லிஃபெரோன் என்ற மருந்து ஐரோப்பாவில் ஹைமெக்ரோமோன் என்ற பெயரில் பித்தக் கோளாறுக்குக் கொடுக்கப்பட்டு வருவது. அது உடம்பு ஹயலூரோனிக் அமிலம் செய்வதைத் தடுக்கும். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மாதிரி நோய் உண்டாக்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்தால் நோயின் கடுமை குறைகிறது. ஒரு துறை இந்தச் சர்க்கரையை மூளைக்குள் வைக்கப் பார்க்கிறது, பக்கத்துத் துறை வெளியே எடுக்கப் பார்க்கிறது. இருவரும் ஒருவர் கட்டுரையை ஒருவர் இன்னும் கொஞ்சம் அக்கறையோடு படிக்கலாம் என்பது என் ஆசை.

துண்டுகள் அழற்சியைத் தூண்டும் என்ற பரவலான கூற்றிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2016ல் வெளியான ஒரு ஆய்வில், எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சை முற்றிலும் நீக்கிய துண்டுகளை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் கொடுத்தபோது அழற்சி கிளம்பவே இல்லை. அப்படியானால் பழைய ஆய்வுகளில் சில, சர்க்கரைத் துண்டை அளந்தோம் என்று நினைத்து பாக்டீரியா அழுக்கை அளந்திருக்கலாம். மையலின் சார்ந்த முடிவுகளை இது ஒரேயடியாக அடித்துவிடாது. ஆனால் மூலக்கூறு எடையோடு எண்டோடாக்ஸின் அளவையும் எழுதாத கட்டுரையை நம்புவதை இன்னும் கடினமாக்குகிறது.

தூளிலிருந்து ஊசி வரை

நீளம் எங்கே தொலைகிறது என்று பார்க்க, ஆய்வகத்தில் ஒரு ஜெல் செய்யப்படும் வழியில் கூடவே நடந்து பார்ப்பது நல்லது. இப்போது கிடைக்கும் தூளில் பெரும்பகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிகஸ் என்ற பாக்டீரியாவை நொதிக்க வைத்து எடுப்பது. முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். எண்ட்ரே பாலாஸ் உருவாக்கிய கண் அறுவைத் திரவமான ஹீலான் அப்படி வந்ததுதான். தூள் ஈரத்தை வெறியோடு இழுக்கும். உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் வைத்த புட்டியை வெளியே எடுத்த உடனே திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியபடியே விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே பனி படிந்து, எடை போடும்போது தூளோடு தண்ணீரையும் சேர்த்து எடை போடுவோம். 10 சதவீத ஈரம் என்றால் 1 சதவீதக் கரைசல் 0.9 சதவீதம் ஆகிவிடும். ஜெல்லின் விறைப்பு அதற்கும் மேலாகக் குறையும்.

கரைப்பதில் அடுத்த சிக்கல். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினாலோ, தண்ணீரில் தூளை மொத்தமாகக் கொட்டினாலோ கொதிநீரில் கேழ்வரகு மாவைக் கொட்டியது போலக் கட்டி தட்டிவிடும். வெளிப்புறம் ஊறிப் பசையாகி உள்ளே உலர்ந்த தூள் சிறைப்படும். அதை உடைக்க வேகமாகக் கலக்கினால் நீண்ட இழைகள் அறுந்துபோகும். சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரின் சுழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாகச் சுழல விடுவதுதான் வழி. கரைசலின் பாகுத்தன்மை இழை நீளத்தைப் பொறுத்து மிக வேகமாக ஏறும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் செறிவில் நீளம் இரட்டித்தால் பாகு சுமார் 10 மடங்கு கூடும். அதனால் 15 லட்சம் டால்டன் தூளில் 1 சதவீதமே பிப்பெட்டில் ஏறாமல் அடம்பிடிக்கும். 60 கிலோடால்டன் தூளில் 3 சதவீதம்கூட எளிதாக ஓடும். பல ஆய்வகங்கள் குட்டை இழையைத் தேர்ந்தெடுப்பதற்கு உயிரியல் காரணம் எதுவும் கிடையாது. பிப்பெட்டில் ஏறுகிறது என்ற ஒரே வசதிதான்.

சும்மா கரைத்த ஹயலூரோனிக் அமிலம் காயத்தில் நிற்காது, சில நாளில் கரைந்து போய்விடும். அதனால் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அதிகம் கையாளப்படும் வழி மெத்தக்ரிலேஷன், அதாவது பின்னால் ஒளி பட்டதும் ஒன்றோடொன்று பிணையக்கூடிய மெத்தக்ரிலேட் கொக்கிகளை இழையில் ஒட்டுவது. 1 சதவீதக் கரைசலைப் பனிக்கட்டிக் குளியலில் வைத்து, மெத்தக்ரிலிக் அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 8 முதல் 8.5 வரை இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அன்ஹைட்ரைடு தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாவதால் கணக்குக்கு மேல் நிறையவே ஊற்றுவார்கள். வினை நடக்க நடக்க அமிலம் உண்டாகி பிஎச் சரிந்துகொண்டே வரும். கையை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனால் 5க்கு இறங்கி வினை நின்றுவிடும். பயந்துபோய் காரத்தை மொத்தமாக ஊற்றினால் 11, 12 என்று ஏறி, ஒட்டிய மெத்தக்ரிலேட் கழன்றுவிடும், இழையும் அறுபடத் தொடங்கும். பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு ஒரு வாரம் போலத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, உறைய வைத்து உலர்த்தி, என்எம்ஆர் என்ற காந்த அலைமாலை எடுத்து 5.6, 6.1 பிபிஎம் இடங்களில் உள்ள மெத்தக்ரிலேட் உச்சிகளைச் சர்க்கரை முதுகெலும்போடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் ஒட்டியது என்று கணக்கிடுவார்கள். மூளைக்கு ஏற்ற மெல்லிய ஜெல்லுக்கு 20 முதல் 30 சதவீதம் போதும். அதற்கு மேலே போகப் போக, செல்கள் ஹயலூரோனிக் அமிலத்தைப் பற்ற உதவும் சிடி44 ஏற்பி இந்த இழையை அடையாளம் காண்பது குறைந்துகொண்டே வரும். செல்கள் இதை ஹயலூரோனிக் அமிலம் என்றே கண்டுகொள்ளாத நிலைக்கு மாற்றிவிட்டு, 'இயல்பான பொருள்' என்று முன்னுரையில் எழுதுவதில் அர்த்தமில்லை.

இந்த வழி நெடுக இழை அறுந்துகொண்டே வருகிறது. காரத்தில் கொஞ்சம், கலக்கலில் கொஞ்சம், ஒளியால் பிணைக்கும்போது பிறக்கும் தனியுறுப்புகளால் கொஞ்சம். கிருமி நீக்கத்தில்தான் பெரிய இழப்பு. 121 டிகிரி ஆட்டோகிளேவ் இழையைக் கணிசமாகக் குறுக்கும், காமாக் கதிர் அதைவிட மோசம். 0.2 மைக்ரான் வடிகட்டியில் பாகான கரைசல் ஏறாது. நீர்த்த கரைசலாக வடிகட்டி, கிருமியில்லாத சூழலில் உறைய வைத்து உலர்த்தி, பிறகு தேவையான செறிவில் திரும்பக் கரைப்பதுதான் நீளத்தைக் காப்பாற்றும் வழி. நேரம் பிடிக்கும், ஆனால் அதைச் செய்யும் குழுக்கள் இருக்கின்றன. புட்டி மேல் அச்சிட்ட மூலக்கூறு எடையைக் கட்டுரையில் எழுதுவதை விட்டுவிட்டு, மாற்றம் செய்து கிருமி நீக்கிய பிறகு திரும்ப அளந்த எடையை எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அளப்பதற்கு ஒளிச்சிதறல் இணைத்த நிறப்பிரிகைக் கருவி இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் அகரோஸ் ஜெல்லில் ஓட்டி ஸ்டெயின்ஸ்-ஆல் சாயம் ஏற்றினாலே எவ்வளவு அறுந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

டயாலிசிஸ் வாளியையும் மறக்கக் கூடாது. எண்டோடாக்ஸின் என்பது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் மேலுறைப் பொருள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிராம்-பாசிட்டிவ் என்பதால் அது தானாக இதைச் செய்யாது. ஆனால் அறை வெப்பத்தில் ஒரு வாரம் நிற்கும் தண்ணீரில் வளர்பவை பெரும்பாலும் கிராம்-நெகட்டிவ். தேங்காய் சுத்தமாக இருந்தும் துருவும் தட்டில் அழுக்கு என்ற கதைதான். தண்ணீரும் சுத்தமானதாக, குளிர்ந்ததாக, நாளுக்கு இருமுறை மாற்றுவதாக இருக்க வேண்டும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ பொதுவான மருத்துவச் சாதனத்துக்கு 20 எண்டோடாக்ஸின் அலகு வரை அனுமதிக்கிறது. மூளைத் தண்டுவடத் திரவத்தைத் தொடும் சாதனத்துக்கு 2.15 அலகுதான். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. சோதனையிலும் கவனம் வேண்டும். பாகான ஜெல் சோதனை வினையையே மட்டுப்படுத்தி, இருக்கும் நச்சை இல்லை என்று காட்டும். தெரிந்த அளவு நச்சைச் சேர்த்துப் பார்த்து 50 முதல் 200 சதவீதத்துக்குள் அது திரும்பக் கிடைக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் எண்ணை நம்பலாம்.

எலும்புக் குழாய்க்குள் வீங்கினால்

ஹயலூரோனிக் அமில இழை நெடுக எதிர்மின்னூட்டம். அதைச் சமன்செய்ய சோடியம் அயனிகள் வரும், அவற்றின் பின்னால் தண்ணீர் வரும். அதனால்தான் இந்த ஜெல் வீங்குகிறது. தோலுக்கடியில் வீங்கினால் பெரிய கேடில்லை. தண்டுவடம் எலும்புக் குழாய்க்குள் இருக்கிறது. காயத்தால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் தண்டுவடத்துக்குள் வீங்கும் ஜெல்லை வைத்தால், காப்பாற்ற வேண்டிய மிச்ச இழைகளை அதுவே நசுக்கும். ஒரு ஜெல்லைப் பற்றிய கட்டுரையில் நான் முதலில் தேடுவது உடல் வெப்பத்தில், செயற்கை மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஊற வைத்து எடுத்த வீக்கக் கணக்கு.

இந்தச் சிக்கலை அழகாகக் கையாண்டது டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மோலி ஷாய்ச்செட் குழு. 2006ல் நரம்பு அறுவை மருத்துவர் சார்ல்ஸ் டேட்டரோடு சேர்ந்து ஹயலூரோனிக் அமிலத்தையும் மெத்தில் செல்லுலோஸையும் வேதிப் பிணைப்பில்லாமல் வெறுமனே கலந்தார்கள். 2 சதவீதம் முன்னது, 7 சதவீதம் பின்னது. மெத்தில் செல்லுலோஸ் சூடானால் ஜெல்லாகும் குணமுள்ளது. ஹயலூரோனிக் அமிலம் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அது இன்னும் குறைந்த வெப்பத்திலேயே, உடல் வெப்பத்துக்குக் கீழேயே, ஜெல்லாகிவிடுகிறது. அதோடு அழுத்தினால் இளகி ஊசி வழியே ஓடும் தன்மையையும் தருகிறது. மூலக்கூறை வேதியியலால் தொடவே இல்லை என்பதால் சிடி44 அதை முழுசாக அடையாளம் காணும். 2015ல் அதே பல்கலைக்கழகத்தில், விழித்திரைச் செல்களையும் நரம்புத் தண்டு செல்களையும் இந்தக் கலவையில் சுமந்து வைத்தபோது உயிர் பிழைப்பது கூடியதற்கு சிடி44 ஒரு காரணம் என்று காட்டினார்கள். செல்களைச் சுமக்கும் கலவையில் இரண்டு பொருளும் 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த ஜெல் சில நாளில் கரைந்து போய்விடும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். என் பார்வையில் அது பலம். மருந்தையோ செல்லையோ கொண்டுவந்து சேர்த்துவிட்டு, நடுத்தரத் துண்டுகளாக மாதக்கணக்கில் அங்கே தங்காமல் போய்விடுவது, 2005ன் போர்ட்லேண்ட் முடிவை மனதில் வைத்துப் பார்த்தால், நல்ல குணம்தான்.

பக்கவாதத்தில் கணக்கு வேறு. செத்த திசு கரைந்து ஒரு குழி உண்டாகிறது. அந்தக் குழிக்குள் ஜெல்லை வைத்தால் நல்ல திசு எதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. குழியின் விளிம்பில் உள்ள திசுதான் முதல் சில வாரங்களில் புதிதாக முளைக்கும் திறன் மிகுதியாக உள்ள இடமும். லாஸ் ஏஞ்சலஸில் தாமஸ் கார்மைக்கேலும் தத்தியானா செகூராவும் பல ஆண்டு இதிலேயே உழைத்தார்கள். 2018ல் நேச்சர் மெட்டீரியல்ஸில் வந்த அவர்கள் ஆய்வில், ஹயலூரோனிக் அமில ஜெல்லுக்குள் ஹெப்பாரின் நானோதுகள்களில் விஇஜிஎஃப் என்ற ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைக் கொத்தாகப் பொதிந்து, சுண்டெலியின் பக்கவாதக் குழிக்குள் வைத்தார்கள். குழிக்குள் ரத்தக்குழாய்களும் அவற்றைத் தொடர்ந்து நரம்பு இழைகளும் வளர்ந்து வந்தன. அதற்கு முன் 2017ல் ஜெல்லை ஒரே கட்டியாக வைக்காமல் நுண்ணிய மணிகளாக்கி உள்ளே ஒட்டவைத்து, மணிகளுக்கிடையே செல்கள் நுழைய வழிவிட்டதும் அவர்கள்தான். இரண்டிலும் ஹயலூரோனிக் அமிலம் வேலையில் ஒரு பங்குதான். வளர்ச்சிக் காரணியும், செல் பற்றிக்கொள்ள ஒட்டவைத்த ஆர்ஜிடி என்ற மூன்று அமினோ அமிலத் துண்டும், உள்ளே இருக்கும் இடைவெளியும் மீதியைச் செய்கின்றன. இன்டெக்ரின் என்ற பற்றுப் புரதம் வழியாகப் பற்றும் செல்களுக்கு வெறும் ஹயலூரோனிக் அமிலத்தில் பிடிமானமே கிடையாது.

சுண்டெலி, எலி என்று சொல்லும்போதே அளவு என்ற கேள்வி வந்துவிடுகிறது. எலியின் மொத்த மூளைத் தண்டுவடத் திரவம் சுமார் 0.3 மில்லிலிட்டர், மனிதருக்கு சுமார் 150 மில்லிலிட்டர். எலிக்கு 10 மைக்ரோலிட்டர் போட்டதை அதே விகிதத்தில் மனிதருக்குப் போட்டால் 5 மில்லிலிட்டர் ஆகும். எலியின் தண்டுவடம் 3 மில்லிமீட்டர் தடிமன், மனிதருடையது அதன் மூன்று மடங்குக்கும் மேல். மேலே வைத்த ஜெல்லிலிருந்து மருந்து உள்ளே பரவ எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கமாகக் கூடும். மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு நேரம். எலியில் ஒரு நாளில் நடுப்பகுதியை எட்டும் மருந்து மனிதரில் எட்டும் முன்பே ஜெல் கரைந்து முடிந்திருக்கும். ஊசி போடும் விதத்தில்கூட அளவு மாறுகிறது. எலியில் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் வேகத்தில் செலுத்தி, ஊசியை உடனே உருவாமல் 5 நிமிடம் அப்படியே வைத்திருந்து மெல்ல வெளியே எடுப்பார்கள். அவசரமாக உருவினால் வைத்த ஜெல் ஊசித் தடத்தின் வழியே திரும்பி மேலே வந்துவிடும். அந்த வேகத்தில் 5 மில்லிலிட்டர் செலுத்த 80 மணி நேரத்துக்கு மேலாகும். மனிதருக்கு வேறு முறைதான் கண்டுபிடிக்க வேண்டும், புதிய முறையில் இழை எவ்வளவு அறுபடும் என்று புதிதாக அளக்கவும் வேண்டும்.

இப்போதைக்கு மருத்துவமனையில் நரம்போடு சம்பந்தப்பட்டு ஹயலூரோனிக் அமிலம் உண்மையாகப் பயன்படும் இடம் கை கால் நரம்புகள்தான். அறுவை செய்து விடுவித்த நரம்பு சுற்றியுள்ள திசுவோடு மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஹயலூரோனிக் அமிலமும் ஆல்ஜினேட்டும் சேர்ந்த மெல்லிய உறையைச் சுற்றுகிறார்கள். வெர்சாராப், ஆக்ஸோகார்ட் எச்ஏ பிளஸ் என்ற பெயர்களில் அமெரிக்காவில் கிடைப்பவை இந்த வகை. அவை வழுக்கலைத் தருகின்றன, ஒட்டுதலைக் குறைக்கின்றன. அறுந்த நரம்பை வளர வைப்பதாக அவை சொல்வதில்லை. தண்டுவடத்தையோ பக்கவாதத்தையோ குணப்படுத்தும் ஹயலூரோனிக் அமில ஜெல் என்று யாராவது இன்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை.

நான் பார்க்க விரும்பும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே வேதியியல், ஒரே விறைப்பு, ஒரே எண்டோடாக்ஸின் அளவு. இழை நீளம் மட்டும் மூன்று விதம்: 10 லட்சம் டால்டனுக்கு மேல், 200 கிலோடால்டன், 20 கிலோடால்டன். பன்றி அளவிலாவது ஒரு பெரிய விலங்கு. 1, 4, 12ஆம் வாரங்களில் காயத்தைச் சுற்றி எடுத்த திசுவில் நரம்பு இழை எத்தனை என்று எண்ணுவதோடு, அவற்றில் எத்தனைக்கு மையலின் உறை ஏறியிருக்கிறது, எத்தனை முன்னோடிச் செல்கள் பாதியில் நிற்கின்றன என்றும் எண்ண வேண்டும். அதே திசுவிலிருந்து ஹயலூரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அந்த வாரத்தில் அது எத்தனை நீளத்தில் இருந்தது என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகப் போட வேண்டும்.